மோட்டார் ஒலி கேளாத மலைப் பாதை

கரிசல் மண்ணில் வாழும் நமக்கு மலை என்பது தொலைவில் தெரியும் ஒரு நீலக் கோடு. மழை ஓய்ந்த காலை வேளையில் சாத்தூர் வைப்பாற்றுப் பாலத்தின்மேல் நின்று மேற்கே நோக்கினால், மேற்குத் தொடர்ச்சி மலை வானத்தின் விளிம்பில் மெல்லெனத் தோன்றும். வெயில் ஏற ஏற அதுவும் கண்ணுக்கு மறைந்துவிடும். பின்னர் நமக்கு மிஞ்சுவது வெள்ளரிக்காயும், மோரும், வேப்பமர நிழலுமே.

மிதிவண்டியோ நமக்கு மிக அண்மையானது. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் சைக்கிளில் போய் வந்து குடும்பத்தைக் காத்தவர்கள் நம் பெற்றோர். கேரியரில் தூக்குவாளி, முன் கம்பியில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, கைப்பிடியில் சேவுப் பொட்டலம் என்று ஒரு குடும்பத்தின் பாரம் முழுவதையும் இரண்டு சக்கரங்கள் சுமந்த காலம் அது. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட சுமார் 20 கிலோமீட்டரை நாள்தோறும் மிதித்துக் கடந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்த மிதிவண்டிக்கு இன்று சாலையில் இடம் எங்கே? முன்பு 7 என்றும் இப்பொழுது 44 என்றும் எண்ணிடப்பட்டுள்ள தேசிய நெடுஞ்சாலை, வடக்கே காஷ்மீரத்தையும் தெற்கே கன்னியாகுமரியையும் இணைத்துக்கொண்டு நம் ஊரைத் தொட்டுச் செல்கிறது. நாட்டுக்கு அது பெரும் நன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நான்கு வழிச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டிய பள்ளி மாணவிக்கு அது ஓர் ஆறு; பாலமில்லாத ஆறு. அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகள் எத்தனை வீடுகளின் திண்ணையில் தூசி படிந்து நிற்கின்றன என்பதை வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் காண்கிறோம். “ரோட்டுல விட பயமா இருக்கு சாமி” என்பதே தாய்மார்கள் சொல்லும் காரணம்.

இந்த எண்ணங்களைச் சுமந்துகொண்டுதான் சென்ற குளிர் காலத்தில், வார நாள் ஒன்றில், நம் இளையோர் பன்னிருவரோடு கொடைக்கானல் சென்றோம். மலையின் எழிலைக் காண்பது ஒரு நோக்கம். மோட்டார் வண்டிகளின் ஆரவாரமின்றி ஒரு மலைப் பாதையில் மிதிவண்டி ஓட்டினால் அது எத்தகைய அனுபவம் என்று அறிவது மற்றொன்று. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் இதற்கென்றே வழிகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அதற்கு இடமுண்டா என்பதே நம் கேள்வி.

மலை ஏறும் வழி

சாத்தூரிலிருந்து கொடைக்கானல் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவு. விருதுநகர், மதுரை வழியாக வத்தலக்குண்டு சேர்ந்து, அங்கிருந்து மலைச் சாலையைப் பிடிக்க வேண்டும். இன்று பேருந்தில் உறங்கிக்கொண்டே ஏறிவிடுகிறோம். நூற்றாண்டுக்கு முன் நிலைமை வேறு. மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் சுமந்த நாற்காலியிலோ அமர்ந்துதான் மக்கள் மேலே சென்றார்கள். மூட்டை முடிச்சுகளும் மனிதர் தலையிலேயே ஏறின. இப்பொழுது நாம் பயன்படுத்தும் மலைச் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதனை அமைத்த பொறியாளர் மேஜர் லாவின் பெயரால் அது இன்றும் லாஸ் காட் சாலை என வழங்கப்படுகிறது.

ஆக, கொடைக்கானல் ஊர் தோன்றி ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் மோட்டார் என்பதையே அறியாதிருந்தது. ஏரியும், ஆலயங்களும், பள்ளிகளும், 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடமும் மோட்டார் வருமுன்னரே எழுந்தவை. இதை நாம் மறந்துவிடலாகாது. மலை வாழ்வுக்கு மோட்டார் இன்றியமையாதது என்று இன்று நாம் எண்ணுகிறோமே, அந்த மலையில் அழகியவை எனப்படுபவற்றுள் பெரும்பாலானவை மோட்டார் இல்லாத காலத்தில் மனிதர் நடந்து சென்று படைத்தவை.

ஆல்ப்ஸ் மலையோடு நம் மலைக்கு இன்னோர் உறவும் உண்டு. 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்ற இரு சிறாருக்குத் தேவ அன்னை காட்சியளித்தார். அவ்விடம் லா சலேத். அந்த மலை அன்னையின் நினைவாக, மதுரை மறைபரப்புத் தளத்தில் உழைத்த பிரெஞ்சு இயேசு சபைக் குரு தந்தை லூயி சேன் சீர் அவர்கள் 1860-களில் கொடைக்கானலில் எழுப்பியதே சலேத் அன்னை ஆலயம். ஆகஸ்டு மாதத் திருவிழாவுக்கு நம் பகுதியிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் ஆண்டுதோறும் சென்று வருகின்றன. ஆல்ப்ஸ் மலையின் ஒரு பெயரை நெடுங்காலமாகவே நம் நாவில் வைத்திருக்கிறோம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏரியைச் சுற்றி ஒரு விடியல்

கொடைக்கானல் ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் 1863-இல் ஓடையொன்றுக்குக் குறுக்கே கரை எழுப்பி, சதுப்பாகக் கிடந்த பள்ளத்தை ஏரியாக்கினார். விண்மீன் போன்ற வடிவமுடையது. ஏறக்குறைய 60 ஏக்கர் பரப்பு. கரையை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் சாலையின் நீளம் சுமார் ஐந்து கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மேடுகள் சூழ்ந்த இந்தக் கிண்ணம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கு எனலாம்.

கரையோரத்தில் வாடகை மிதிவண்டிகள் கிடைக்கின்றன. இருவர் சேர்ந்து மிதிக்கும் நீண்ட வண்டிகளும் உண்டு. முதல்நாள் மாலையே சொல்லி வைத்திருந்தமையால், பொழுது புலர்ந்தும் புலராத வேளையில் கடைக்காரப் பெரியவர் கம்பளிக் குல்லாயோடு காத்திருந்தார். “பிரேக்கைப் பார்த்துக்குங்க சாமி, பனியில ரோடு வழுக்கும்” என்று சொல்லி ஒவ்வொரு வண்டியையும் தாமே அழுத்திப் பார்த்துக் கொடுத்தார்.

புறப்பட்டோம். ஏரியின்மேல் வெண்பனி ஒரு முழ உயரத்திற்குப் படர்ந்து கிடந்தது. படகுகள் கரையில் கட்டப்பட்டு உறங்கின. யூக்கலிப்டசு இலையின் மணமும், எங்கோ மூட்டிய விறகுப் புகையின் மணமும் கலந்து வந்தன. சாலையில் ஒரு வண்டி இல்லை. பன்னிரண்டு சங்கிலிகள் பற்சக்கரத்தில் ஓடும் ஒலி, இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தும்போது எழும் மெல்லிய ‘கிரிக் கிரிக்’ ஓசை, நீர்ப் பறவையொன்றின் குரல் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் செவியில் விழவில்லை. ஏரி விண்மீன் வடிவாக இருப்பதால் சாலை உள்ளே வளைந்து மரங்களுக்குள் நுழைகிறது. மீண்டும் வெளியே வந்து நீரைக் காட்டுகிறது. ஒவ்வொரு வளைவிலும் அதே ஏரி வேறோர் ஏரியாகத் தோன்றும் அற்புதத்தை மிதிவண்டியின் வேகத்தில்தான் உணர முடியும். காரில் செல்கிறவர் அதைத் தாண்டிவிடுகிறார். நடப்பவருக்கோ அந்த மாற்றம் மெல்ல மெல்ல நிகழ்வதால் வியப்பு குறைந்துவிடுகிறது.

நம்மோடு வந்தவர்களுள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். அரசு தந்த மிதிவண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு பேருந்தில் பள்ளிக்குச் செல்பவள். நெடுஞ்சாலையில் பக்கத்து ஊர்ச் சிறுவன் ஒருவன் லாரியில் அடிபட்டபின் அவள் தந்தை அவளைச் சைக்கிளில் அனுப்புவதில்லை. இரண்டாம் சுற்றில் நம் அருகே வந்து அவள் சொன்னாள்: “சாமி, நம்ம ஊர்ல சைக்கிள் ஓட்டுனா காது மட்டுந்தான் வேலை செய்யும். பின்னாடி என்ன வருதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். இங்கதான் கண்ணு வேலை செய்யுது.”

மோட்டார் இல்லாத சாலையின் பயன் என்ன என்று எவரேனும் கேட்டால், அச்சிறுமியின் இந்த ஒரு சொல்லே போதிய விடை. அச்சம் நீங்கினால் புலன்கள் விடுதலை பெறுகின்றன. அச்சத்தோடு செல்பவனுக்கு ஊட்டியும் ஒன்றுதான், உப்பத்தூரும் ஒன்றுதான்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதியாகவே குறைந்திருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் பிராணவாயுவும் அவ்வளவுக்குக் குறையும். ஆகவே ஊரில் பத்து மைல் மிதிப்பவரும் இங்கே சிறு மேட்டில் மூச்சு வாங்குவார். இது நோயன்று. முதல் நாள் மெல்ல ஓட்டி, அடிக்கடி நீர் அருந்தி, உடலைப் பழக்கிக்கொண்டால் போதும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செல்வது நலம்.

ஒன்பது மணிக்கு மேல்

அந்த அமைதி நீடித்தது சுமார் இரண்டரை மணி நேரம். ஒன்பது மணி ஆனதும் முதலில் இரண்டு வேன்கள் வந்தன; பின்னர் ஐந்து கார்கள்; பின்னர் பேருந்துகள். குதிரைக்காரர்கள், சோளக் கதிர் விற்பவர்கள், படமெடுப்பவர்கள் என்று கூட்டம் பெருகியது. பத்தரை மணிக்கு ஏரிச் சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. அவற்றுக்கிடையே சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினோம். விடியலில் நாம் கண்ட ஏரியும் இதுதானா என்று ஐயுறும்படி எல்லாமே மாறிவிட்டது.

கோடை விடுமுறையில் நிலைமை இன்னும் கடுமை. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டும் என்ற நடைமுறை வந்தது. அடுத்த ஆண்டு, 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்ச வரம்பே விதிக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள் என்பது குறைக்கப்பட்ட எண்ணிக்கை என்றால், குறைக்கப்படாத எண்ணிக்கை எவ்வளவு இருந்திருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளட்டும்.

ஆல்ப்ஸ் மக்கள் செய்தது என்ன?

சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில் கிரௌபுண்டன் என்ற மலை மாநிலம் இருக்கிறது. இன் என்ற ஆறு பிறக்கும் எங்கடீன் பள்ளத்தாக்கு அதில்தான் உள்ளது. அதன் மேற்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் ஏரிகள் வரிசையாய் அமைந்த சமவெளி. 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்த மாநில அரசு தன் சாலைகள் அனைத்திலும் மோட்டார் கார்களுக்குத் தடை விதித்தது. குதிரைகள் மிரளுகின்றன, புழுதி எழும்புகிறது, நம் வரியில் நமக்காகப் போட்ட குறுகிய சாலையில் பணக்காரர்களின் பொறி வண்டிகள் நம்மை ஓரம் தள்ளுகின்றன என்பவை மக்களின் முறையீடுகள்.

இதில் வியப்பு என்னவென்றால், இந்தத் தடை கால் நூற்றாண்டு நீடித்தது. இப்பொருள் பற்றி மக்களிடம் பத்து முறை வாக்கெடுப்பு நடந்தது. விடுதிக்காரர்களும் வணிகர்களும் தடையை நீக்குமாறு வேண்டினர். மலைக் கிராமத்து உழவர்கள் மறுத்தனர். அக்காலத்தில் காரில் வந்த செல்வர்கள் மாநில எல்லையில் பொறியை நிறுத்தி, காருக்கு முன்னே குதிரையைப் பூட்டி இழுத்துச் சென்றார்களாம். இறுதியில் 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்த வாக்கெடுப்பில்தான் தடை நீங்கியது.

தோற்றுப்போன தடை என்று இதைச் சிலர் நகைப்பார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. ஒரு சாலை யாருக்கு உரியது என்ற கேள்வியைச் சாதாரண மக்களிடம் கேட்டார்கள், ஒருமுறையல்ல, பத்துமுறை கேட்டார்கள் என்பதே அதில் பெரிது. நம் ஊர்ச் சாலை நான்கு வழியாக விரிந்தபோது, சைக்கிளில் செல்பவர் எங்கே கடப்பார் என்று அவர்களிடம் எவரேனும் கேட்டார்களா?

தடை நீங்கிய பின்னும் அம்மக்கள் சில வழிகளைக் காத்துக்கொண்டார்கள். அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, முழு விலக்கு. மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள செர்மாட் என்னும் ஊருக்குள் பெட்ரோல் கார்கள் நுழைய இயலாது. ஐந்து கிலோமீட்டர் கீழே டேஷ் என்னும் ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயிலில் ஏறிச் செல்ல வேண்டும். ஊருக்குள் சிறு மின்சார வண்டிகளும் குதிரை வண்டிகளுமே ஓடுகின்றன. அதனால் அவ்வூருக்குப் பயணிகள் வரத்துக் குறையவில்லை, உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள்.

இரண்டாவது, தனி வழி. எங்கடீன் பள்ளத்தாக்கின் தலைப்பில் உள்ள மலோயா என்னும் ஊரிலிருந்து இன் ஆற்றின் போக்கைத் தொடர்ந்து, ஆஸ்திரியா வழியாக, ஜெர்மனியில் அது டான்யூப் ஆற்றோடு கலக்கும் பாஸௌ நகர்வரை மிதிவண்டிப் பாதை ஒன்று செல்கிறது. நீளம் 500 கிலோமீட்டருக்கு மேல். பாதையின் பெரும் பகுதி வயல் ஓரங்களிலும் ஆற்றங்கரையிலும் நெடுஞ்சாலையை விட்டு ஒதுங்கியே செல்கிறது. பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாக நாள் கணக்கில் அதில் பயணம் செய்கிறார்கள். ஆறு எப்பொழுதும் கீழ்நோக்கியே ஓடுவதால் ஆற்றைத் தொடர்பவருக்கு ஏற்றம் குறைவு என்பது எளிய கணக்கு.

மூன்றாவது, நேர ஒதுக்கீடு. இத்தாலியிலுள்ள ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரமுடையது. 1820-களில் அமைக்கப்பட்ட அந்தச் சாலையில் ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் 1,800 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். (எண்ணிக்கையில் நம் கொல்லிமலை அதையும் விஞ்சும், அங்கே 70 வளைவுகள்!) கோடையின் இறுதியில் ஆண்டுக்கொரு நாள் அந்தக் கணவாயில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு, சாலை முழுவதையும் மிதிவண்டிகளுக்கு விட்டுவிடுகிறார்கள். அன்று ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். மறுநாள் பேருந்துகள் வழக்கம்போல் ஓடுகின்றன. எவருடைய பிழைப்பும் கெடவில்லை.

இத்தாலியின் கோமோ ஏரிக்கு மேலே உள்ள கிசால்லோ குன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வழிப்போக்கர்கள் வேண்டிக்கொள்ளும் சிறிய மாதா கோயில் ஒன்று அக்குன்றில் இருந்தது. மேடேறி வரும் மிதிவண்டி வீரர்கள் அங்கே இளைப்பாறுவதைக் கண்ட அவ்வூர்ப் பங்குத் தந்தை எர்மெலிந்தோ விகானோ, அந்த அன்னையையே மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவிக்கும்படி வேண்டினார். 1949-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்வாறே அறிவித்தார். பெயர் பெற்ற வீரர்களின் மிதிவண்டிகள் இன்றும் அக்கோயிலின் சுவர்களில் மாட்டப்பட்டுள்ளன. சாலையில் உயிரிழந்த மிதிவண்டிக்காரர்களும் அங்கே நினைவுகூரப்படுகிறார்கள். வெற்றி பெற்றவனின் வண்டியும் அடிபட்டு மாண்டவனின் நினைவும் ஒரே கூரையின் கீழ் இருப்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

நம் மலையில் இருப்பதும் இல்லாததும்

மேற்சொன்ன மூன்று வழிகளுள் நம்மிடம் எவை உள்ளன என்று எண்ணிப் பார்த்தோம். முழு விலக்குக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பம்பாய்க்கு அருகிலுள்ள மாத்தேரான் மலையூருக்குள் கார்கள் செல்ல இயலாது. ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு நடந்தோ குதிரையிலோ செல்கிறார்கள். 1907 முதல் அங்கே ஒரு சிறு மலை ரயிலும் உண்டு.

கொடைக்கானலில் தனி வழிக்குச் சான்றாக கோக்கர்ஸ் வாக் இருக்கிறது. 1872-இல் லெப்டினென்ட் கோக்கர் என்பவர் மலையின் விளிம்பில் அமைத்த அந்த ஒரு கிலோமீட்டர்ப் பாதை நடப்பவர்களுக்கே உரியது. கீழே சமவெளி விரிந்து கிடப்பதை அச்சமின்றி நின்று காணலாம். பேரிஜம் ஏரிக்குச் செல்லும் காட்டுச் சாலையில் வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளே செல்லலாம். அங்கே சென்றபோது சோலைக் காட்டின் நிசப்தம் எத்தகையது என்று உணர்ந்தோம். அதற்கும் அப்பால் மூணாறு நோக்கிச் சென்ற பழைய மலைச் சாலை 1990-இல் மூடப்பட்டுவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆபத்து நேர்ந்தால் தப்பிச் செல்வதற்கென்று சீர்படுத்தப்பட்ட அந்தச் சாலையைக் காடு மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அது வனவிலங்குகளின் உறைவிடம். அங்கே நாம் மிதிவண்டி ஓட்ட ஆசைப்படுவது முறையன்று. இளைஞர்கள் எவரும் அனுமதியின்றி அவ்வழியே நுழைய முயல வேண்டா.

ஆக, முழு விலக்கும் தனி வழியும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. நம் ஏரிக்கு வேண்டியது மூன்றாவதாகச் சொன்ன நேர ஒதுக்கீடுதான். நாள்தோறும் காலை ஒன்பது மணி வரை ஐந்து கிலோமீட்டர் ஏரிச் சாலையில் பயணிகளின் மோட்டார் வண்டிகளை நிறுத்திவைத்தால் யாருக்கு என்ன இழப்பு? அந்நேரத்தில் அங்கு வருவோர் எப்படியும் சிலரே. ஏரிக்கரையில் குடியிருப்போர், நோயாளி ஊர்திகள், பால் வண்டிகள் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கலாம். மிதிவண்டி வாடகைக்காரருக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் விடியற்காலையிலேயே வரும்படி கிடைக்கும்.

கடைக்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னோம். அவர் உடனே இசைந்துவிடவில்லை. “நல்ல யோசனைதான் சாமி. ஆனா வயசானவங்க, நடக்க முடியாதவங்க ஏரியைப் பார்க்க வேண்டாமா? வேன் ஓட்டுறவனும் என் தம்பி மாதிரிதானே?” என்றார். நியாயமான பேச்சு. எந்தத் தடையும் எளியவர் ஒருவரின் வயிற்றில் அடிக்குமானால் அது நன்மையாகாது. அதனால்தான் முழு விலக்கைக் கேளாமல் காலையின் சில மணி நேரத்தை மட்டும் கேட்கலாம் என்கிறோம். அதுவும் அவ்வூர் மக்களிடம் கேட்டு, அவர்கள் இசைந்தபின் செய்யவேண்டியதே.

குடும்பமாகச் செல்வோருக்கு

மே மாதத்தைத் தவிர்த்து, ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வார நாட்களில் செல்லுங்கள், கூட்டம் குறைவு. குளிர் கடுமையாயிருக்கும்; காதை மூடும் குல்லாயும் கையுறையும் தேவை. இ-பாஸ் விதிகளைப் புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடியலில் ஏரியை இடப்பக்கமாகவே ஒரு வரிசையில் சுற்றுங்கள். பிள்ளைகள் நடுவிலும் பெரியவர்கள் முன்னும் பின்னுமாகச் செல்லட்டும். வாடகை வண்டியின் இரு பிரேக்குகளையும் மணியையும் சோதித்த பின்னரே ஏறுங்கள்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை சைக்கிளில் இறங்கிவிடலாம் என்ற ஆசை சிலருக்கு எழும். நெடுந்தொலைவு விடாமல் பிரேக் பிடித்தால் சக்கர விளிம்பு சூடேறி ரப்பர்க் கட்டை தேய்ந்து பிடிப்பு தளர்ந்துவிடும். வளைவில் எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க இடமிராது. ஸ்டெல்வியோவில் ஆயிரம் பேர் இறங்குகிறார்கள் என்றால் அன்று அங்கே எதிரே எதுவும் வருவதில்லை. அந்த ஏற்பாடு நம் மலைச் சாலையில் இல்லாதவரை இந்த ஆசை வேண்டா.

சாத்தூருக்கு என்ன?

மலைக்குச் சென்று திரும்புவது ஆண்டுக்கு ஒருமுறை. மற்ற நாட்களில் நாம் வாழ்வது இந்தக் கரிசல் மண்ணில். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரமாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கொடுக்க முனைந்தவர் அன்றைய மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத். பிறர் துணையை எதிர்பாராமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் சென்று வரலாம் என்ற விடுதலையை அப்பெண்களுக்கு அந்த இரு சக்கரங்களே தந்தன. பின்னர் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டிகளை வழங்கியது. வண்டி வந்துவிட்டது, ஓட்டும் திறனும் வந்துவிட்டது. அச்சமின்றி ஓட்ட வழிதான் வரவில்லை.

அதற்கு ஆல்ப்ஸ் மலையும் வேண்டா, பெருஞ்செலவும் வேண்டா. ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் நம் தெருவொன்றை மோட்டார் வண்டிகளின்றிப் பிள்ளைகளுக்கு விட முடியுமா என்று அத்தெருவார் கூடிப் பேசலாம். பள்ளி விடும் நேரத்தில் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் காவலர் ஒருவரை நிறுத்தும்படி பெற்றோர் கையொப்பமிட்டு விண்ணப்பிக்கலாம். ஊரைச் சுற்றியுள்ள வண்டிப் பாதைகளையும் கண்மாய்க் கரைகளையும் செப்பனிட்டால், தீப்பெட்டி ஆபீசுக்குச் செல்லும் பெண்களும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் நெடுஞ்சாலையைத் தொடாமலே பெருந்தொலைவு செல்லலாம். இன் ஆற்றங்கரையில் அவர்கள் செய்திருப்பதும் இதுவே. வைப்பாற்றுக்கும் கரை உண்டு.

கிரௌபுண்டன் உழவர்கள் பத்துமுறை தங்கள் கருத்தைச் சொன்னார்கள். நாம் ஒருமுறையேனும் சொல்ல வேண்டாமா? அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் பெற்றோர்கள் இதை எழுப்பட்டும். விண்ணப்பத்தை எழுதித் தர நாம் இருக்கிறோம். கையொப்பங்களை நீங்கள் கொண்டு வாருங்கள். திண்ணையில் தூசி படிந்து நிற்கும் அந்த மிதிவண்டிகளைத் துடைத்துக் காற்றடிக்கும் நாள் விரைவில் வரட்டும்.